பெரிய எழுத்து வேதாகமம்: எட்டு மாதம் வாசித்த பிறகு

பரிசுத்த வேதாகமம், பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு), பெரிய எழுத்து. கறுப்பு அட்டை, ஜிப் வைத்த உறை, புத்தகம் புத்தகமாகத் திறக்க ஓரத்தில் விரல் வெட்டு, அடையாளம் வைக்க இரண்டு நாடா. பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கினேன். ஆயிரம் ரூபாய் கொடுத்ததில் கொஞ்சம் மீதி கிடைத்தது. எட்டு மாதமாக விடியற்காலையில் இதைத்தான் வாசிக்கிறேன். வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கண் மங்கியவர்கள் கட்டாயம் வாங்குங்கள். ஏன் என்று கேட்கிறவர்கள் மேலே படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு 65 வயது. 31 வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. வலது கண்ணைச் சர்க்கரை கொஞ்சம் பிடித்துவிட்டது. கல்யாணத்தன்று ஆலயத்தில் கொடுத்த வேதாகமம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதன் எழுத்து கடுகு மாதிரி. நாலைந்து வருடமாக அதைத் திறப்பதே இல்லை. கண் தெரியவில்லை என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண் நன்றாக இருந்த காலத்திலும் பெரிதாகத் திறந்ததில்லை என்பது என் மனைவிக்குத் தெரியும்.

முதலில் சென்னையில் இருக்கும் மகள் இணையத்தில் ஒன்று வாங்கி அனுப்பினாள். பெரிய எழுத்து என்றுதான் போட்டிருந்ததாம். வந்ததைப் பிரித்தால் நடுத்தர எழுத்து, ஒரு மூலை நசுங்கி, முன்பக்கத் தாள்கள் மடங்கிப்போய் இருந்தது. திருப்பி அனுப்பப் பத்து நாள் அலைந்தாள். அதனால் இந்தப் பொருளை மட்டும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பெரிய எழுத்து, மிகப் பெரிய எழுத்து என்று கடைக்குக் கடை சொல்லும் சொல் மாறுகிறது. அட்டையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று கடைக்காரத் தம்பி எனக்குச் சொல்லிக் கொடுத்தான். "அண்ணாச்சி, கண்ணாடியக் கழட்டிருங்க. ஏதாவது ஒரு பக்கத்த விரிச்சு, மேல இருக்க புள்ளி தெரியுதான்னு மட்டும் பாருங்க" என்றான். சரியான யோசனை. தமிழில் புள்ளி தெரியாவிட்டால் சொல்லே மாறிவிடும். அடுத்து, துணைக்காலும் 'ர'வும் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். சிறிய எழுத்தில் அவை இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரியும். இந்தப் பிரதியில் ஒரு கை தூரத்தில் வைத்தும் புள்ளி தெரிந்தது. அங்கேயே எடுத்துக்கொண்டேன்.

எடை அதிகம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கையில் தூக்கிக்கொண்டு போகிற புத்தகம் இல்லை இது. மடியில் தலையணை வைத்து, அதன்மேல் வைத்துத்தான் வாசிக்கிறேன். தாள் மெல்லியது. பின்பக்கத்து எழுத்து லேசாகத் தெரியும், குழல்விளக்கின் நேர் கீழே உட்கார்ந்தால் கூடுதலாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் நல்லது. மின்விசிறி ஓடினால் தாள் பறக்கும். ஜிப் உறை வேண்டாம் என்பேன். அதன் பல்லில் ஒரு நாடா மாட்டி நூல் பிரிந்துவிட்டது. விரல் வெட்டு மிகவும் உதவி. சங்கீதம் எங்கே, ரோமர் எங்கே என்று தேடாமல் விரலை வைத்ததும் திறந்துவிடுகிறது.

இன்னொரு குறை உண்டு. பக்கத்துக்கு இரண்டு பத்தி, எழுத்தோ பெரிது, பழைய திருப்புதலில் சொற்களோ நீளம். 'தேவமகிமையற்றவர்களாகி' என்று ஒரு சொல் வந்தால் அது வரிக்கு அடங்காது. ஒடிந்து அடுத்த வரிக்குப் போகும். வேகமாக வாசிக்க முடியாது. ஒவ்வொரு சொல்லாகக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்த வேகக்குறைவுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு செய்தி. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் அச்சானது தரங்கம்பாடியில். சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி 1706இல் அங்கே வந்து இறங்கி, தமிழ் படித்து, 1714-15இல் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியில் ஹாலே நகரத்திலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரிதாக இருந்தன. தாளுக்குத் தட்டுப்பாடு. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குத் தாள் போதாமல் சிறிதாக்கிய எழுத்து இன்றைக்கு என் மடியில் பெரிதாகக் கிடக்கிறது. வாங்கி வந்த அன்று இதை நினைத்து மனம் நெகிழ்ந்தது. நாம் இன்று பழைய திருப்புதல் என்கிறது அதற்கு வெகு காலம் பின்னால், பவர் ஐயர் என்ற மிஷனரியின் தலைமையில் ஒரு குழு திருத்தி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது. அதனால்தான் அதன் தமிழ் நம் பாட்டிமாரின் ஜெபத்தில் இருந்த தமிழாகவே இருக்கிறது. கூடவே, இப்போதைய பிள்ளைகளுக்குப் பாதி புரியாத தமிழாகவும் இருக்கிறது. 'கிருபாதாரபலி' என்ற சொல்லை என் பேரன் மூன்று முறை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒரு சொற்பொருள் பட்டியல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும். என் பிரதியில் இல்லை.

இனி எழுதப் போகிறதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணம்.

ஆலயத்தில் பரமண்டல ஜெபத்தை, இயேசு சொல்லிக் கொடுத்த ஜெபத்தை, எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும் என்றுதான் நான் சொல்லி வந்திருக்கிறேன். மனப்பாடம். வாய் தானாகச் சொல்லிவிடும், மனது வேறெங்காவது இருக்கும். இந்தப் புத்தகத்தில் மத்தேயு 6ஆம் அதிகாரத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தேன். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று போட்டிருந்தது. கடன். அந்தச் சொல்லில் விரல் நின்றுவிட்டது. குற்றம் என்றால் எனக்கு ஒன்றும் உறைக்காது. நான் யாரையும் அடித்ததில்லை, குடித்ததில்லை, பொய்ச்சாட்சி சொன்னதில்லை. கடன் என்றதும் தோல்பை ஞாபகம் வந்துவிட்டது.

டிக்கெட் அடிக்கிற மெஷின் வராத காலம் அது. கையில் டிக்கெட் கட்டு, தோளில் தோல்பை, வாயில் விசில். சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் மீதி இவ்வளவு என்று பேனாவால் எழுதிக் கொடுப்போம். இறங்கும்போது பயணி அதைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், சில நாள் பத்து. ராத்திரி டிப்போவில் கணக்குக் கட்டிய பிறகு பையின் அடியில் நிற்கிற காசு என்னுடையது இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். எடுத்துக்கொண்டேன். 31 வருடத்தில் எத்தனை நாள் என்று எண்ண முடியாது.

அதில் ஒரு நாள் மட்டும் மறக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில். திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி திரும்புகிற சாயங்கால சர்வீஸ். குரும்பூரில் ஒரு அம்மா வாழையிலைக் கட்டோடு ஏறினார்கள். தென்திருப்பேரைக்கு டிக்கெட். 2 ரூபாய். 50 ரூபாய்த் தாளை நீட்டினார்கள். கோயில் கூட்டம், சில்லறை தட்டு, நான் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொன்னேன். டிக்கெட்டைத் திருப்பி 'மீதி 48' என்று எழுதிக் கொடுத்தேன். தென்திருப்பேரையில் பின்படியில் நெரிசலோடு இறங்கினார்கள். கட்டை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நான் முன்பக்கம் நின்றேன். "கண்டக்டரய்யா, மீதி!" என்ற குரல் காதில் விழுந்தது. குனிந்து பார்த்தேன். டிக்கெட்டைப் பிடித்த கையைத் தூக்கிக்கொண்டு, இலைக் கட்டைத் தரையில் போட்டுவிட்டு, பக்கவாட்டில் ஓடி வந்தார்கள். ஒற்றை விசில் கொடுத்தால் வண்டி நிற்கும். ரெட்டை விசில் கொடுத்தேன்.

நேரமாகிவிட்டது, ஸ்ரீவைகுண்டத்தில் டைம் தவறும் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த 48 ரூபாயில் என்ன வாங்கினேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அந்த அம்மாவுக்கு அது எத்தனை நாள் கூலியோ. எனக்கோ எதற்குச் செலவானது என்றுகூட நினைவில்லாத காசு.

இதை ஈடுகட்ட நான் சும்மா இருந்துவிடவில்லை. காணிக்கைப் பையில் கூடுதலாகப் போட்டேன். அசனத்துக்கு, அதாவது ஆலயத்துப் பொது விருந்துக்கு, வருடம் ஒரு மூட்டை அரிசி கொடுத்தேன். ஓய்வு பெற்ற வருடம் ஆலயத்துக்கு இரண்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன், பெயர் போட வேண்டாம் என்று சொல்லி. கணக்கு நேராகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. கூட்டங்களில் "இரட்சிக்கப்பட்டிருக்கிறீர்களா, கையை உயர்த்துங்கள்" என்று பிரசங்கியார் கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்தினேன். எல்லோரும் உயர்த்தினார்கள், நானும் உயர்த்தினேன். உயர்த்திய கையைப் பார்க்கிறபோது சில நாள் தென்திருப்பேரையில் தூக்கிய அந்தக் கை ஞாபகம் வரும். சீக்கிரம் இறக்கிக்கொள்வேன்.

இந்தப் புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்த இரண்டாவது மாதம் லூக்கா 7ஆம் அதிகாரம். ஒருவனிடம் இரண்டு பேர் கடன்பட்டிருந்தார்கள், ஒருவன் 500 வெள்ளிக்காசு, மற்றவன் 50. அடுத்த வரி: "கடனைத் தீர்க்க அவர்களுக்கு நிர்வாகமில்லாதபோது, இருவருக்கும் மன்னித்துவிட்டான்." நிர்வாகமில்லாதபோது. இப்போது நிர்வாகம் என்றால் எங்களுக்கு டிப்போ மேனேஜரும் தலைமை அலுவலகமும்தான். பழைய தமிழில் வழிவகை இல்லை, கொடுத்துத் தீர்க்கத் திராணி இல்லை என்று அர்த்தம். அந்தச் சொல் என் நிலைமையை அப்படியே சொல்லியது. என்னிடம் 48 ரூபாய் இருக்கிறது. 48 ஆயிரம்கூட ஓய்வூதியப் பணத்திலிருந்து எடுக்க முடியும். யாரிடம் கொடுப்பது? போன கார்த்திகை மாதம் தென்திருப்பேரைக்கே போனேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு டீக்கடையில் கேட்டேன். என்ன அடையாளம் சொல்ல? வாழையிலை கட்டி விற்கிற அம்மா என்றால் அந்தப் பக்கத்தில் எத்தனை பேர். முப்பது வருடம் ஆகப் போகிறது. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு நிர்வாகமில்லை.

அந்த ஒருத்தரோடு முடிகிற கணக்கும் இல்லை. மத்தேயு 18இல் ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. பெருக்கிப் பார்த்தேன், 6 கோடி நாள் கூலி வருகிறது. அந்த ஆள் ராஜா காலில் விழுந்து எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன், பொறுத்துக்கொள்ளும் என்கிறான். எத்தனை ஜென்மம் எடுத்தாலும் முடியாதது. அரிசி மூட்டையும் மின்விசிறியும் கொடுத்த நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜா தவணை கொடுக்கவில்லை. கடனையே மன்னித்துவிட்டான்.

எபேசியர் 2ஆம் அதிகாரத்தை நான் சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." அப்போது வாங்கியது ஒரு பென்சில் டப்பா. அந்த வசனத்தின் அர்த்தம் 64 வயதில்தான் கிடைத்தது. ஈவு என்றால் கொடை. கொடையை வாங்கிக்கொள்ளத்தான் முடியும், விலை கொடுக்க முடியாது. விசுவாசம் என்பதை இத்தனை நாள் நான் ஏதோ பெரிய முயற்சி என்று நினைத்திருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நம்புகிறது மாதிரி. கொடுக்கிறவரை நம்பிக் கையை நீட்டுகிறதுதான் அது.

பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நேர்மையாகச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வந்தது அது. மாதா கோயிலுக்குப் போகிற பக்கத்து வீட்டுத் தங்கச்சி கொடுத்தது. அதில் விசுவாசம் நம்பிக்கை ஆகிறது, கிருபை அருள் ஆகிறது, நித்தியஜீவன் நிலைவாழ்வு ஆகிறது. பிள்ளைகளுக்கு அதுதான் எளிது, சந்தேகமே இல்லை. பேரனுக்கு அதையே வாசிக்கச் சொல்கிறேன். ஆனால் ஜெபத்தில் அதுவும் குற்றங்களை என்றுதான் சொல்கிறது. கடன்களை என்று பழைய திருப்புதல் சொல்லாமல் இருந்திருந்தால் என் கண் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த காசு தகும்.

ஒரு இடத்தில் மட்டும் பொது மொழிபெயர்ப்பு எனக்குப் பெரிய உதவி செய்தது. கொலோசெயர் 2:14. பழைய திருப்புதலில், நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து, அதை நடுவிலிராதபடிக்கு எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து" என்று வருகிறது. கையெழுத்து என்றால் என்ன, யாருடைய கையெழுத்து என்று புரியவில்லை. தங்கச்சி கொடுத்ததில் பார்த்தால் 'கடன் பத்திரம்' என்று இருக்கிறது. கடன் வாங்கினவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கிற சீட்டு. அப்போதுதான் விளங்கியது. அது என் கையெழுத்து. டிக்கெட்டின் பின்பக்கத்தில் நீல மையில் நான் எழுதிய 'மீதி 48'. முப்பது வருடமாக அந்தத் துண்டுச் சீட்டு ஒருத்தர் கையில் உயர்ந்து நிற்கிறது, நான் பார்க்காமல் போய்க்கொண்டிருக்கிறேன். அதை இயேசு எடுத்துத் தம்முடைய சிலுவையில் ஆணியடித்திருக்கிறார்.

அன்று காலை ஐந்து மணி இருக்கும். புத்தகத்தை மூடாமல் எழுந்து அடுக்களைக்குப் போய் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி 38 வருடத்தில் முதல்முறையாக. காபியை இறக்கி வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். "அந்த அம்மா அன்னைக்கு எப்படி வீட்டுக்குப் போனாங்களோ" என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். எனக்கு ஜெபம் நீளமாக வரவில்லை. ஆலயத்தில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் சொன்னதை, லூக்கா 18இல் இருக்கிறதை, அப்படியே சொன்னேன். "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." ஆயக்காரன் என்றால் வரி வசூலிக்கிறவன். அவனும் தோல்பை வைத்திருந்தவன்தான்.

மன்னித்தாயிற்று, இனி 48 ரூபாயைப் பற்றிக் கவலை இல்லை என்று இருந்துவிடலாமா என்று கேட்பீர்கள். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் நானும் கேட்டேன். சகேயுவை மறுபடி வாசியுங்கள் என்றார். அவனும் ஆயக்காரன், காட்டத்தி மரத்தில் ஏறினவன். வரிசையைக் கவனியுங்கள் என்றார் ஐயர். இயேசு முதலில் இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். வீட்டுக்குள் வந்த பிறகுதான், அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு தானாகச் சொல்கிறான். திருப்பிக் கொடுத்து அவரைக் கூட்டிவரவில்லை. அவர் வந்துவிட்டதால் கை தானாகத் திறக்கிறது. இந்த வரிசையை நான் 31 வருடம் தலைகீழாக வைத்திருந்தேன். இப்போதும் அரிசி மூட்டை கொடுக்கிறேன். மனதில் கணக்கு எழுதுவதில்லை. அப்புறம், வெயிலில் இலைக் கட்டோடும் கீரைக் கட்டோடும் நிற்கிற எந்த அம்மாவிடமும் மீதி வாங்காமல் வந்துவிடுகிறேன்.

பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை யாரும் தனியாக உட்கார்ந்து வாசிப்பதாகத் தெரியவில்லை. ஒரே அதிகாரம், 25 வசனம். பெரிய எழுத்தில் போட்டும் சீக்கிரம் முடிந்துவிடும். ஓடிப்போன ஒரு அடிமையைப் பவுல் அவன் எஜமானிடமே திருப்பி அனுப்பி, அவன் உம்மிடத்தில் கடன்பட்டதுண்டானால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதுகிறார். சொந்தக் கையாலே எழுதினேன் என்றும் சேர்க்கிறார். மீட்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இப்போது இந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறேன். இன்னொருவன் கடனைத் தன் கணக்கில் எழுதச் சொல்கிற ஒருவர். இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

போன மாதம் என்னோடு அந்த ரூட்டில் ஓட்டிய டிரைவர் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு 70 தாண்டிவிட்டது, கண்ணில் புரை முற்றியிருக்கிறது, மருத்துவமனைக்குப் போகப் பயம். திருச்செந்தூர் முருகனைக் கும்பிடுகிறவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ஆபரேஷனைப் பற்றித் தைரியம் சொல்லத்தான் போனேன். பேச்சு பழைய சர்வீஸுக்குப் போனது. மனதில் இருந்ததை அவரிடமும் சொல்லிவிட்டேன். குரும்பூரில் ஏறின அம்மா என்று ஆரம்பித்ததுமே கையை நீட்டி நிறுத்தினார்.

"இலைக்கட்டு."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"கண்ணாடியில பாத்தேம்ப்பா. ஓடி வந்தாங்க. நீ விசில் குடுத்த, நானும் எடுத்துட்டேன். நிறுத்திருக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்கிட்ட கேக்கணும்னு எத்தன தடவ நெனச்சேன் தெரியுமா" என்றார்.

இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நானாக ஒன்றும் பேசவில்லை. அவர்தான் கேட்டார், அந்தக் கையெழுத்து என்று சொன்னாயே, அது எங்கே இருக்கிறது என்று. அடுத்த நாள் பையில் வைத்து இந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த எடையோடு இரண்டு பஸ் மாறினேன். அவர் மடியில் தலையணை வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, நாடா வைத்த பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

"கை... யெ... ழுத்... தை." விரல் அங்கேயே நின்றது. "புள்ளியெல்லாம் தெரியுதே தம்பி. எங்க வாங்குன?"